முழந்தாளிட்ட மன்னர்கள்

சென்ற ஆண்டு எங்கள் பங்குத் திருவிழாவின் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னதாக, ஆலங்காயம் கடைத்தெருவின் திருப்பத்தில் எங்கள் இளைஞர்கள் ஒரு பெரிய பதாகையைக் கட்டினார்கள். மாலையில் அதைப் பார்க்க என்னை அழைத்துச் சென்றார்கள். கரங்கூப்பிப் புன்னகைத்தவாறு நான் நின்றிருந்தேன். என் உருவம் ஆறடிக்குக் குறையாது. எனக்கு இருபுறமும் பங்குப்பேரவை உறுப்பினர்கள். கீழே நன்கொடையாளர்களின் முகங்கள் வரிசை வரிசையாக. அழகாகத்தான் இருக்கிறது என்று நான் சொன்னேன். மனத்துக்குள் மகிழ்ச்சியும் இருந்தது என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

அப்போது, மலையடிவாரத் தெருவிலிருந்து நாள்தோறும் திருப்பலிக்கு நடந்து வரும் ஒரு மூதாட்டி எங்கள் அருகே வந்து நின்றார். தோல் பதனிடும் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் சுண்ணாம்புத் தோலைக் கையாண்டு விரல்கள் வெளுத்துப்போனவர். கண்ணில் புரை வேறு. பதாகையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “சாமி, இதுல மாதா எங்க கீறாங்க?” என்று கேட்டார்.

இளைஞர்களுள் ஒருவன் சிரித்துக்கொண்டே மேல் மூலையைச் சுட்டிக்காட்டினான். ஓர் உள்ளங்கை அகலத்தில், மேகங்களுக்கு நடுவே அன்னை இருந்தார். “இருக்காங்க ஆயா, அதோ பாருங்க” என்றேன். “கண்ணு தெரியல சாமி” என்று சொல்லிவிட்டு அவர் நடந்து போனார். குறை அவருடைய கண்ணில் என்றே அவர் நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்றிரவு உறக்கம் வராததற்கு அந்தக் கேள்வி மட்டும் காரணமன்று. அதற்கு இரண்டு மாதங்கள் முன்னர், தோல் வணிகத்தில் செழித்த ஒருவர் எங்கள் ஆலயத்தின் பீடத்தை முழுவதுமாகப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். தேக்கில் செதுக்கிய பின்சுவர், பளிங்குப் பீடம், புதிய நற்கருணைப் பேழை எல்லாம் அவர் செலவு. அவர் வேண்டியது ஒன்றே ஒன்று: பின்சுவரின் அடியில், அன்னையின் திருவடிகளுக்கு இருபுறமும், அவரும் அவருடைய துணைவியாரும் முழந்தாளிட்டுச் செபிப்பதுபோல் இரண்டு சிறிய உருவங்கள், கீழே பெயர்கள். பங்குப்பேரவை ஒரே குரலில் இசைந்தது. முன்பணமாக அவர் தந்த ஒரு இலட்சம் ரூபாயை நானே வாங்கிப் பேழையில் பூட்டினேன்.

ஓரிருவர் தயங்கியபோது, அவர்களுக்கு விடையளித்தவனும் நானே. குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற பெருமிதத்தோடு, “கொடையாளரைப் பீடத்தின் அடியில் முழந்தாளிட்ட கோலத்தில் காட்டுவது ஐரோப்பியத் திருச்சபையின் தொன்மையான மரபு. பேரரசர்களே அப்படிச் செய்திருக்கிறார்கள். அது தாழ்ச்சியின் அடையாளம்” என்று விளக்கினேன். அதைச் சொன்னபோது என் மனக்கண்ணில் இருந்தது, சில ஆண்டுகளுக்கு முன்னர் திருப்பயணத்தின் இடையே நான் கண்ட எசுப்பானிய நாட்டுக் கிரனாடா நகரின் அரச சிற்றாலயம். பதாகையின் அடியில் கேட்ட கேள்விக்குப் பிறகு, அதே சிற்றாலயத்தை மனத்தில் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டியதாயிற்று.

* * *

அங்கே பீடத்தின் இருபுறமும் இசபெல்லா அரசியும் பெர்டினாண்டு அரசரும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். பின்சுவரைச் செதுக்கியவர் பெலிப்பே பிகார்னி. காலம் 1520-ஐ ஒட்டிய ஆண்டுகள். அரசர்களின் முகங்களில் பக்தி ததும்புகிறது. ஆனால் கண்ணைச் சற்றே தாழ்த்தினால், பின்சுவரின் அடிப்பகுதியில் வேறு காட்சிகள் இருக்கின்றன. ஒன்றில் கிரனாடாவின் கடைசி இசுலாமிய மன்னர் போவப்தில் நகரை ஒப்படைக்கிறார். மற்றொன்றில் குருக்கள் இசுலாமிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்கு அளிக்கிறார்கள். அந்த மக்கள் தம் சமயத்திலேயே வாழலாம் என்று 1491-இல் எழுதிக் கையெழுத்திட்ட உடன்படிக்கை இருந்தது. எட்டே ஆண்டுகளில், கர்தினால் சிஸ்னெரோசு அங்கு வந்த 1499-க்குப் பின்னர், அந்த வாக்கு மீறப்பட்டது. 1502-இல், திருமுழுக்கு அல்லது நாடுகடத்தல் என்ற ஆணை பிறந்தது. இவையெல்லாம் அந்த மரச்சிற்பத்தில் இல்லை. அங்கே இருப்பது வரிசையில் நிற்கும் மக்களும் வழிந்தோடும் தண்ணீருமே.

இந்த அரசியின் ஆட்சி உறுதியான அடித்தளத்தில் தொடங்கவில்லை. 1474-இல் அவர் முடிசூடியபோது, அண்ணன் மகள் யுவானாவே உண்மையான வாரிசு என்று ஒரு பெருங்கூட்டம் எதிர்த்தது. 1479 வரை போர் நீடித்தது. அரியணை ஆட்டங்கண்ட அந்த ஆண்டுகளிலேயே, இறைவன் எம் பக்கம் என்று கல்லிலும் வண்ணத்திலும் சொல்லும் வேலை தொடங்கிவிட்டது. தோரோ போர்க்களத்தின் நினைவாகத் தொலேதோ நகரில் புனித யோவான் மடம் எழுந்தது. அதன் வெளிச்சுவரில், இசுலாமியரிடமிருந்து மீட்கப்பட்ட கிறித்தவச் சிறையாளரின் சங்கிலிகளைத் தொங்கவிட்டார்கள். இன்றும் அவை அங்கே தொங்குகின்றன. அரசரின் சின்னம் நுகத்தடி, அரசியின் சின்னம் அம்புக்கட்டு. ஒவ்வொன்றும் எசுப்பானிய மொழியில் மற்றவர் பெயரின் முதலெழுத்தில் தொடங்கும் சொல். அவர்கள் வெளியிட்ட நாணயத்தில் இருவருடைய முகங்களும் எதிரெதிரே இருக்கும். சுற்றிலும், கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கலாகாது என்ற பொருளில், திருமணம் பற்றிய நற்செய்தி வாக்கு இலத்தீனில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டவர் கணவனையும் மனைவியையும் குறித்துச் சொன்ன வாக்கு, கஸ்தீலையும் அரகோனும் பிரியக்கூடாது என்ற அரசியல் முழக்கமாக மாறியது.

மாத்ரித் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. ஆவிலா நகரின் புனித தோமா மடத்துக்காக 1490-களின் தொடக்கத்தில் தீட்டப்பட்டது. நடுவில் குழந்தை இயேசுவுடன் அன்னை மரியா; புனித தோமா அக்குவினாரும் புனித தோமினிக்கும் அருகே நிற்க, கீழே அரசரும் அரசியும் அவர்தம் மக்களும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். உடன் முழந்தாளிட்டிருக்கும் துறவியருள் ஒருவர் விசாரணை மன்றத்தின் தலைவர் தொர்க்கெமாதா என்று கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். அந்த ஓவியத்தின் காலத்தில்தான், 1492 மார்ச்சு 31 அன்று, யூதர்கள் அனைவரும் சூலை இறுதிக்குள் திருமுழுக்குப் பெற வேண்டும் அல்லது நாட்டைவிட்டு நீங்க வேண்டும் என்ற ஆணையில் அந்தக் கரங்கள் கையெழுத்திட்டன. 1496-இல் திருத்தந்தை ஆறாம் அலெக்சாந்தர் அவர்களுக்குக் ‘கத்தோலிக்க அரசர்கள்’ என்ற பட்டத்தை வழங்கினார். அந்த அன்னையும் ஒரு யூதப் பெண் என்பது அந்த ஓவியத்தின் முன்னால் செபித்தவர்களுக்கு நினைவுக்கு வந்திருக்குமா?

இசபெல்லாவின் பக்தி வெறும் நடிப்பு என்று நான் சொல்லவில்லை. 1504-இல் எழுதிய தம் இறுதி விருப்ப ஆவணத்தில், பிரான்சிஸ்கு சபையின் எளிய அங்கியோடு தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்றும், மேடையெழுப்பாமல் தரையோடு தரையாக ஒரு கல் மட்டும் போதும் என்றும் அவர் வேண்டியிருந்தார். இறப்பதற்கு மூன்று நாள் முன்னர், கடல் கடந்த நாடுகளின் பழங்குடி மக்களுக்குத் தீங்கு இழைக்கலாகாது என்றும் எழுதி வைத்தார். அவர் கேட்டபடியே முதலில் அடக்கம் நடந்தது. ஆனால் 1521-இல் அவருடைய உடல் அரச சிற்றாலயத்துக்கு மாற்றப்பட்டது. இன்று அவருக்கு மேலே இருப்பது தொமெனிக்கோ பான்செல்லி வடித்த வெண்பளிங்குக் கல்லறை. தாழ்மையைக் கேட்ட ஒருவர்மேல் பின்வந்தவர்கள் பளிங்கை ஏற்றினார்கள். அரசருக்குத் தேவையில்லாவிட்டாலும், அரசுக்கு அந்த உருவம் தேவைப்பட்டது.

* * *

இதையெல்லாம் ஐரோப்பாவின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. வேலூர்க் கோட்டைக்குப் போகாதவர் நம் மறைமாவட்டத்தில் அரியர். அங்குள்ள சலகண்டேசுவரர் ஆலயத்தின் திருமண மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் கண்டு வியவாதவர் யார்? பதினாறாம் நூற்றாண்டில் அக்கோயிலை எடுப்பித்தவர் என்று போற்றப்படும் சின்ன பொம்ம நாயக்கர், விசயநகரப் பேரரசுக்குக் கீழ்ப்பட்ட ஒரு சிற்றரசர். அவர் அப்பைய தீட்சிதர் என்ற சைவப் பேரறிஞரைப் பொன்னால் நீராட்டிச் சிறப்பித்த செய்தியை, ஆரணிக்கு அருகே உள்ள அடையப்பலத்தின் 1582-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அறிஞரின் தலையில் விழுந்த பொன்னின் ஒளி அரசரின் முகத்திலும் பட்டது. சிற்றரசர் பேரரசரைப் போல் தோன்றுவதற்கு அதைவிடச் சிறந்த வழி அக்காலத்தில் இல்லை.

விசயநகர மன்னர்கள் தம் ஆணைகளில் தம் பெயரை எழுதுவதில்லை. ‘ஸ்ரீ விரூபாட்ச’ என்று தம் குலதெய்வத்தின் பெயரையே கையொப்பமாக இட்டார்கள். ஆள்பவர் இறைவன், நாங்கள் அவருடைய ஊழியர் என்பது அதன் பொருள். இறைவனின் பெயரால் வந்த ஆணையை யார் மறுக்க முடியும் என்பதும் அதன் பொருளே. கிருட்டிணதேவராயர் திருமலையில் தம் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் உலோக உருவங்கள் இன்றும் அக்கோயிலின் வாயிலை அடுத்து நிற்கின்றன. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தலைநகரை இழந்த பின்னர், அவ்வழி வந்த அரசர்கள் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று இடம்பெயர்ந்தார்கள். நிலம் குறையக் குறையத் திருவேங்கடவனின் பெயர் அவர்களுடைய நாணயத்திலும் சாசனத்திலும் பெருகியது. தொலேதோவில் நடந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. அரியணை ஆடும்போதெல்லாம் அரசர்கள் தெய்வத்தின் திருவடியை இறுகப் பற்றுகிறார்கள்; பற்றிய கை எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்பதிலும் கருத்தாக இருக்கிறார்கள்.

இவ்விரண்டு உலகங்களும் நம் மண்ணிலேயே ஒன்றையொன்று சந்தித்தன என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1598-இல் இயேசு சபைக் குருக்கள் சந்திரகிரியில் இரண்டாம் வேங்கடபதி மன்னரின் அவைக்கு வந்தார்கள். பின்னர் வேலூரிலும் தங்கினார்கள். அவர்களோடு ஓவியம் வல்ல சகோதரரும் இருந்தார். அன்று எசுப்பானியாவையும் போர்த்துகலையும் ஒருங்கே ஆண்ட மூன்றாம் பிலிப்பு, இசபெல்லாவின் எள்ளுப்பேரன். அவருக்கும் வேங்கடபதிக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இருந்தது. திருவேங்கடவனின் ஊழியரும் கத்தோலிக்க அரசரும் மயிலாப்பூரைப் பற்றி எழுதிக்கொண்டார்கள். அந்த பிலிப்பின் வேண்டுகோளின்பேரில்தான் 1606-இல் மயிலை மறைமாவட்டம் நிறுவப்பட்டது. ஆயரைத் தெரிந்து முன்மொழியும் உரிமை போர்த்துகல் அரசருடையது. அதையே ‘பதுருவாதோ’ என்கிறோம்.

அந்த உரிமையின் பின்விளைவை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தார்கள். அரசர்களின் பிடியிலிருந்து மறைபரப்புப் பணியை மீட்கத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1622-இல் உரோமையில் மறைபரப்புப் பேராயத்தை நிறுவினார். அதன் இலத்தீன் பெயரில் உள்ள ‘புரோப்பகாந்தா’ என்ற சொல், நாற்று பரவுவதுபோல் விசுவாசம் பரவுவதைக் குறித்தது. இன்று அதே சொல் உலகெங்கும் பொய்ப் பரப்புரையைக் குறிக்கிறது. சொல் கெட்ட வழியை நினைத்தால் நமக்கு வெட்கமாக இருக்கிறது. பதுருவாதோ குருக்கள் ஒருபுறமும் பேராயத்தின் குருக்கள் மறுபுறமுமாக, ஒரே ஊரில் இரு அதிகாரம் நடந்த காலமும் தமிழகத்தில் உண்டு. அந்தப் பழைய பிரிவினை முடிந்து, 1952 நவம்பர் 13 அன்று சென்னை உயர்மறைமாவட்டமும் மயிலை மறைமாவட்டமும் ஒன்றான அதே நாளில்தான் நம் வேலூர் மறைமாவட்டமும் பிறந்தது.

திருச்சபை இந்த வரலாற்றிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. விசுவாசத்தில் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. 2000 மார்ச்சு 12 அன்று, உண்மையின் பெயரால் திருச்சபையின் மக்கள் கையாண்ட வன்முறைக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனித பேதுரு பேராலயத்தில் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். குருவான எனக்கு இவை மனப்பாடம். மறையுரையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் கிரனாடாவின் பீடத்தில் அரசர்களின் முழங்காலுக்குக் கீழே இருந்த மக்களைப் பற்றிப் பேசிய நான், ஆலங்காயத்தின் பீடத்தில் முழங்காலுக்குக் கீழே யார் இருக்கப்போகிறார்கள் என்று ஒருமுறையும் எண்ணவில்லை.

* * *

அந்த மூதாட்டி வேலை செய்தது, பீடம் கட்டித்தர முன்வந்தவரின் தோல் கூடத்தில்தான். அது எனக்கு முன்பே தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூடம் மூடப்பட்டபோது, பதினொரு பேருக்குப் பணிக்கொடை வந்து சேரவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். அவர்களுள் எழுவர் எங்கள் பங்கு மக்கள். இருமுறை என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். ‘செபிப்போம்’ என்று சொல்லி அனுப்பியவன் நான். இனி ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணை வாங்க அவர்கள் முன்னே வரும்போது, தமக்குத் தரவேண்டியதைத் தராதவர் அன்னையின் காலடியில் கரங்கூப்பி இருப்பதைக் காண்பார்கள். அந்தத் தேக்கு மரத்தில் அவர்களுடைய கூலியும் சேர்ந்திருக்கும். பேழையில் பூட்டிய ஒரு இலட்சத்திலும் அது இருந்தது.

திருவிழா முடிந்த மறுநாள் நான் அவர் வீட்டுக்குச் சென்று முன்பணத்தைத் திரும்பக் கொடுத்தேன். காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு உறவாடிவிட்டு வரச் சொன்ன ஆண்டவரின் போதனையை நினைவூட்டினேன். “அந்தப் பதினொரு பேரின் கணக்கை முடியுங்கள். பிறகு உருவமின்றி, பெயரின்றி எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்” என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “ஃபாதர், ரோட்டுல உங்க படம் ஆறடிக்கு இருக்குது. கோயில்ல எங்க படம் ஓரடிக்கு இருக்கக் கூடாதா?” என்று அமைதியாகக் கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. மூதாட்டியின் கேள்வியும் அவருடைய கேள்வியும் ஒன்றே என்று அப்போது உணர்ந்தேன். “கூடாது. அந்தப் படமும் கூடாது. நான் அன்றே கழற்றியிருக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்தார், ஒப்புக்கொண்டதற்கா, விடைகொடுத்ததற்கா என்று தெரியவில்லை.

அதன்பின் சில மாதங்கள் அவர் ஆலயத்துக்கு வரவில்லை. பங்குப்பேரவையில் எனக்கு வசவு கிடைத்தது. வந்த பீடத்தைத் தட்டிவிட்ட சாமியார் என்ற பெயரும் நிலைத்தது. தவக்காலத்தின் நடுவே, பதினொருவரில் நால்வருக்குப் பணம் வந்து சேர்ந்ததாக அறிந்தேன். அந்த மூதாட்டி நால்வருள் ஒருவர் அல்லர். மற்ற எழுவருக்காகத் தொழிலாளர் அலுவலகத்துக்கு நானும் அவர்களோடு போய்வருகிறேன். ‘செபிப்போம்’ என்று சொல்வதைவிட அது கடினமாக இருக்கிறது. எங்கள் பீடத்தின் பின்சுவர் இன்னும் வெறும் சுண்ணாம்புச் சுவராகவே நிற்கிறது.

நம் நாட்டுப் பழங்கோயில்கள் சிலவற்றின் தரைக்கல்லில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கும் அடியார் உருவங்களைச் செதுக்கியிருப்பார்கள். உள்ளே வருவோர் அவற்றை மிதித்தே செல்வர். மிதிபட மிதிபட முகம் தேய்ந்துவிடும். இசபெல்லா அரசி வேண்டிக் கேட்டும் நிலைக்காமல் போன அந்தத் தரைக்கல் எனக்கு அப்போதெல்லாம் நினைவுக்கு வரும். இறைவன் முன் விழுந்து கிடப்பவர் பிறர் காலடிக்கும் கீழே இருக்கச் சம்மதிப்பாரானால், அந்த வணக்கத்தை நம்பலாம். தான் முழந்தாளிட்டு, தன்முன் மற்றவரையும் முழந்தாளிட வைக்கும் வணக்கம் வேறு வகை.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கு இளைஞர்கள் மீண்டும் பதாகை கட்டினார்கள். என் வேண்டுகோளின்படி அன்னையின் உருவம் மட்டுமே முழு அளவில் இருந்தது. மூதாட்டி அதன் அடியில் நின்று, “இப்ப தெரியுது சாமி” என்று சொல்லிச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் உண்மையைச் சொல்லி முடிக்கிறேன். அந்தப் பதாகையின் அடியில் போய் நின்ற முதல் நொடியில் என் கண்கள் அன்னையைத் தேடவில்லை. ஏதாவது ஒரு மூலையில் என் படம் இருக்கிறதா என்றே அவை தேடின.

ஆண்டவர் நம்மேல் இரங்குவாராக.